மேளமும் நமக்கு, வயலினும் நமக்கு

(சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கலைக்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



கலைக்குழு உங்கள் முன் வைத்திருக்கும் தீர்மானம் சிறியது. ஞாயிறுதோறும் மாலையில் நம் சங்கக் கட்டடத்தில் பிள்ளைகளுக்கு இசைப் பயிற்சி. ஒரு பக்கம் பறை, ஒரு பக்கம் வயலின். மாதம் ஒருமுறை தெருமுனையில் எல்லாரும் கேட்க ஒரு நிகழ்ச்சி. அவ்வளவுதான்.

போன கூட்டத்தில் இதற்கு இரண்டு மறுப்புகள் எழுந்தன. ஒரு பெரியவர் எழுந்து சொன்னார்: "அது சாவு வீட்டில் அடிக்கிற மேளம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் எங்கப்பா திருநெல்வேலியில் ரயில் ஏறினார். இப்போது என் பேரன் கையில் அதைக் கொடுக்கச் சொல்கிறீர்களா?" ஒரு தாய் சொன்னார்: "வயலின் எல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு. நம்ம பிள்ளைக்கு எதுக்கு? அந்தக் காசில் நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்."

சொன்ன இருவரும் இந்தச் சங்கத்தை வளர்த்தவர்கள். அவர்கள் சொன்னதை நாங்கள் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து பேசினோம். ஒரு கருவி நமக்குக் கீழே என்கிறார் ஒருவர். மற்றொரு கருவி நமக்கு மேலே என்கிறார் இன்னொருவர். அப்படியானால் நமக்கென்று மிஞ்சுவது என்ன? பிறர் வாசிக்க, நாம் கைகட்டி நின்று கேட்பது மட்டும்தானா?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல. உலகத்தின் வேறு மூலைகளிலும் உழைப்பாளி மக்கள் இதைச் சந்தித்திருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றை இன்று சொல்லவே வந்திருக்கிறோம்.

சுரைக்குடுக்கையில் ஒரு யாழ்

கூட்டம் தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் ஒரு இசை போட்டோமே, "யாழ் மாதிரி இருக்கிறதே" என்று சிலர் கேட்டீர்கள். அதன் பெயர் கோரா. மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி, கினி, செனகல், காம்பியா நாடுகளின் மண்டே மக்களுடைய கருவி. பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக அறுத்து, மேலே மாட்டுத்தோல் இழுத்துக் கட்டி, நீளமான மரக்கழி செருகி, 21 நரம்புகள் பூட்டியிருப்பார்கள். முன்பு தோலை முறுக்கி நரம்பு செய்தார்கள். இன்று மீன்பிடி நைலானே நரம்பு. இரண்டு கட்டைவிரல், இரண்டு சுட்டுவிரல், அவ்வளவுதான் வாசிக்கும் விரல்கள்.

இதை வாசிப்பவர்கள் ஜெலி என்ற குலத்தார். அரச வம்சங்களின் வரலாறு, முன்னோர் பெயர்கள், போர்க் கதைகள் எல்லாம் அவர்கள் நாவில்தான் காலங்காலமாக வாழ்ந்து வருகின்றன. அவர்கள் பாடாமல் கல்யாணம் இல்லை, பெயர்சூட்டு விழா இல்லை. ஆனால் அந்த மரியாதைக்கு அருகிலேயே ஓர் எல்லைக்கோடும் உண்டு. ஜெலி பிறப்பால் ஜெலி. உயர்குடியில் பிறந்தவன் பாட்டுத் தொழிலுக்கு வரக்கூடாது. வந்தால் குலத்துக்கு இழுக்கு.

கேட்ட கதைபோல் இருக்கிறதா?

சலிஃப் கெய்ட்டா என்று ஒரு பாடகர். 1949-இல் பிறந்தவர். மாலிப் பேரரசை 13-ஆம் நூற்றாண்டில் நிறுவிய சுண்டியாட்டா கெய்ட்டாவின் வம்சம் என்று சொல்லும் குடும்பம். உடலில் நிறமி இல்லாமல் வெளுத்துப் பிறந்தார் என்பதால் ஊர் ஒதுக்கியது. பாடப் போகிறேன் என்றதும் குடும்பமும் எதிர்த்தது. தலைநகர் பமாக்கோவுக்குப் போய் மதுக்கடைகளில் பாடிப் பிழைத்தார். பிறகு அவருக்கு இடம் கொடுத்தது எது தெரியுமா? ரயில் நிலையம்! மாலி ரயில்வேயின் ஆதரவில், பமாக்கோ ரயில் நிலைய ஓட்டலில் வாசிப்பதற்காக 1970-இல் அமைந்த 'ரயில் பேண்ட்'. பிறப்பு பார்த்துப் பூட்டிய கதவை அவருக்கு ரயில் நிலையம் திறந்துவிட்டது. நம் குடும்பங்களுக்கும் முதல் கதவு ரயில் நிலையம்தானே!

அதே பமாக்கோவில், அதே சலிஃப் கெய்ட்டாவின் ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் நீங்கள் இன்று கேட்ட இசை பதிவானது. கோரா வாசித்தவர் ஜெலி குலத்தில் பிறந்த பல்லக்கே சிசோக்கோ. உடன் செல்லோ என்ற பெரிய வயலினை வாசித்தவர் பிரான்சு நாட்டின் வின்சென்ட் செகால். 2009-இல் வந்த அந்த இசைத்தட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'சேம்பர் மியூசிக்'. இரண்டே பேர், எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் காதுகொடுத்துக் கேட்டு வாசித்தது. 2015-இல் வந்த அடுத்த தட்டின் ஒரு பகுதியைப் பமாக்கோவில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் இரவு நேரத்தில் பதிவு செய்தார்கள்.

அரண்மனை அறையிலிருந்து தெருவுக்கு

சேம்பர் மியூசிக் என்றால் அறை இசை. நாலைந்து பேர் ஓர் அறையில் உட்கார்ந்து வாசிப்பது. ஐரோப்பாவில் அது பிரபுக்களின் அறை. அதைக் கேட்டவர்கள் பிரபுக்கள், சரி. அதை ஆக்கித் தந்தவர் யார்?

நான்கு பேர் வாசிக்கும் நரம்பிசைக்குத் தந்தை என்று போற்றப்படுகிறவர் யோசப் ஹைடன். அவருடைய அப்பா வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி. அம்மா திருமணத்துக்கு முன் ஒரு பிரபு மாளிகையில் சமையல்காரி. 1761-இல் எஸ்தர்ஹாசி என்ற பிரபுக் குடும்பத்தில் ஹைடன் வேலைக்குச் சேர்ந்தபோது, சீருடை அணிந்து வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். மாளிகைப் பணியாளுக்கு என்ன விதியோ அதுதான் இசை மேதைக்கும்.

1772-இல் ஒரு சம்பவம். பிரபு தன் கோடைகால மாளிகையை விட்டுக் கிளம்பவே இல்லை. இசைக்காரர்களின் மனைவி மக்கள் வேறு ஊரில். விடுப்பு கேட்க யாருக்கும் துணிவில்லை. ஹைடன் ஒரு புதிய இசை எழுதினார். அதன் முடிவில் ஒவ்வொரு கலைஞராக வாசிப்பை நிறுத்தி, தன் முன் எரியும் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போவார். கடைசியில் இரண்டு வயலின் மட்டும் மெல்ல ஒலிக்கும். பிரபுவுக்குப் புரிந்தது. மறுநாளே எல்லாரும் ஊருக்குப் புறப்பட்டார்கள் என்று சொல்வார்கள். பொங்கலுக்கு ஊர்போக விடுப்பு கேட்டு மேஸ்திரி முன் நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த இசை யாருடையது என்று இனி யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு அந்த இசை அறையை விட்டு வெளியே வந்தது. தானாக வரவில்லை, கொண்டுவந்தார்கள். லண்டனில் குறைந்த வருவாய்க்காரரும் வந்து கேட்கும்படி 1887-இல் ஞாயிற்றுக்கிழமை அறை இசை நிகழ்ச்சிகள் தொடங்கின. 1929-இல் கட்டப்பட்ட கான்வே மண்டபத்தில் அவை இன்றும் தொடர்கின்றன. நியூயார்க்கில் தொழிலாளர்களுக்கும் மாணவர்களுக்கும் குறைந்த கட்டணத்தில் இசை கிடைக்க வேண்டும் என்று 1900-இல் 'பீப்பிள்ஸ் சிம்பொனி கான்சர்ட்ஸ்' என்ற அமைப்பு உருவானது.

கேட்டால் போதாது, கையில் எடுக்க வேண்டும்

ஆனால் தோழர்களே, மலிவாகக் கேட்பது பாதி வழிதான். மீதிப் பாதி கற்றுக்கொள்வது.

நைஜீரியாவின் யோருபா மக்களில் பிறந்த பாபதுண்டே ஒலதுஞ்சி 1950-இல் படிப்பதற்காக அமெரிக்கா போனார். அங்கே கறுப்பின மாணவர்களுக்கே ஆப்பிரிக்காவைப் பற்றித் தெரியவில்லை, தெரிந்ததெல்லாம் சினிமா காட்டிய கேலிச் சித்திரம் என்று கண்டார். மேளத்தைக் கையில் எடுத்தார். 1960-களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு பண்பாட்டு நிலையம் திறந்து, மேளமும் ஆட்டமும் சொல்லிக் கொடுத்தார். மேடையில் தான் மட்டும் அடித்துப் புகழ் வாங்கினால் போதும் என்று அவர் இருக்கவில்லை. பெரும் புகழ்பெற்ற சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் அந்த நிலையத்துக்குத் துணை நின்றார். 1967 ஏப்ரலில் அங்கேயே வந்து வாசித்தார். மூன்று மாதத்தில் கோல்ட்ரேன் மறைந்துவிட்டார். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், வெட்கப்படச் சொல்லிக் கொடுக்கப்பட்ட அதே மேளத்தை நிமிர்ந்து நின்று அடித்தார்கள்.

அதே நாட்டில் பிராவிடன்ஸ் என்ற நகரில், 1997-இல் இளம் நரம்பிசைக் கலைஞர்கள் சிலர் வேறொன்று செய்தார்கள். வெளிநாடுகளிலிருந்து குடியேறியவர்களும் ஏழைகளும் வாழும் பேட்டையில் பயிற்சி தொடங்கினார்கள். பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் இலவசமாகக் கொடுத்து இலவசமாகவே கற்றுக் கொடுத்தார்கள். வாசிப்பவர்கள் அந்தத் தெருவின் அண்டை வீட்டார் ஆனார்கள்.

நம் வீட்டுக் கணக்கு

இப்போது அந்தப் பெரியவருக்கு எங்கள் பதில். ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் உங்கள் தகப்பனார் தூக்கி எறிந்தது எதை? மேளத்தையா? "கூப்பிட்டால் வா, அடி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு தள்ளி நில்" என்ற கட்டளையை அல்லவா! தமிழ்நாட்டில் அந்தக் கட்டாய வேலையைச் செய்ய மாட்டோம் என்று போராடியவர்களும் நம் மக்களே. அதே பறையை உரிமைப் போராட்ட மேடைகளில் ஓங்கி அடித்தவர்களும் நம் மக்களே. மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நம் தாத்தாக்கள் தாராவிக்குத் தோல் பதனிட வந்தவர்கள். தோலைத் தொட்ட கை தாழ்ந்தது என்று சொன்ன ஊர்தான், அந்தத் தோலில் செருப்புத் தைத்துப் போட்டுக்கொண்டது.

நம் பயிற்சிக்கு மூன்று விதிகள் வைத்திருக்கிறோம். எந்தச் சாதிப் பிள்ளையும், ஆணும் பெண்ணும், கற்கலாம். யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம். கூலியில்லாமல் யார் வாசலிலும் நம் பிள்ளைகள் போய் அடிக்க மாட்டார்கள்.

அந்தத் தாய்க்கும் பதில் சொல்ல வேண்டும். அம்மா, நோட்டுப் புத்தக நிதி தனி. அதில் ஒரு பைசா தொட மாட்டோம். வயலின் நமக்கு மேலே இருக்கும் கருவி அல்ல. ஐரோப்பாவிலிருந்து வந்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் தஞ்சை வடிவேலு போன்றவர்கள் கையில் எடுத்ததால் அது நம் இசைக் கருவி ஆயிற்று. எடுத்தவர் கையில்தான் எந்தக் கருவியும் இருக்கும். இப்போது எங்களிடம் இருப்பது பழைய வயலின் நான்கு, பறை ஆறு. முறை வைத்துக்கொள்வோம்.

அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு முதல் வகுப்பு. பிள்ளைகளை அனுப்புங்கள். அந்தப் பெரியவரை நாங்கள் தனியாக அழைக்கிறோம்: பேரனை அனுப்ப மனமில்லாவிட்டாலும் நீங்கள் வாருங்கள், ஐயா. பறையை எந்தச் சூட்டில் காய்ச்ச வேண்டும், சிண்டுக் குச்சியை எந்த விரலில் பிடிக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. உங்களுக்குத் தெரியும் என்று எங்களுக்குத் தெரியும்.