ஓடைக்கரையில் ஒரு சீழ்க்கை



உலகில் வேறெங்கும் காணப்படாது, இலங்கைத் தீவுக்கு மட்டுமே உரியனவாய் முப்பதுக்கு மேற்பட்ட பறவையினங்கள் உள்ளன. அவற்றுள் கண்ணுக்கு எளிதில் அகப்படாதவற்றுள் ஒன்று இலங்கைச் சீகாரப் பூங்குருவி. முன்னாளில் இதனை அரெங்கா என்றும் அழைத்தனர்.

ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளமுள்ள இப்பறவை, மலைநாட்டில் 900 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், அடர்ந்த காட்டினூடே விரைந்தோடும் நீரோடைகளை விட்டகலாது வாழ்வது. ஆண் கருமை நிறத்தது. தோளில் ஒளிரும் நீலத் திட்டு உண்டு. பெண் பழுப்பு நிறத்தது. அதன் தோளில் நீலம் சிறிதாகவும் மங்கலாகவும் தோன்றும்.

ஆயினும், நீலத்தை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாற்றமடைதல் கூடும். இப்பறவை பெரிதும் வெளிவருவது வைகறையிலும் அந்திப் பொழுதிலுமே. அவ்வேளை காட்டு நிழலில் நீலமும் கருமையாகவே தெரியும். ஆகவே அலகை நோக்குங்கள். மலைநாட்டுத் தோட்டங்களிற் காணப்படும் கரும் பூங்குருவிக்கு அலகு செம்மஞ்சள். சீகாரப் பூங்குருவிக்கோ கறுப்பு.

கண்ணினும் செவியே இங்கு சிறந்த துணை. ஹோர்ட்டன் சமவெளியிலோ நுவரெலியாவை அடுத்த காடுகளிலோ, பொழுது புலருமுன் ஓடைக்கரையை அடைந்து அசையாது அமர்ந்திருங்கள். நீரின் இரைச்சலை ஊடுருவிக்கொண்டு கூரிய சீழ்க்கையொலி எழும். அது வந்த திசையில் உள்ள பாறைகளையும் தாழ்ந்த கிளைகளையும் கவனியுங்கள். பூச்சிகளையும் சிறு தவளைகளையும் பல்லியினங்களையும் நாடிப் பறவை அங்கு வந்திறங்கக் கூடும். பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து அதனை வெளியே அழைக்க முற்படாதீர்கள். எதிரி வந்துவிட்டதென எண்ணி அது இரையையும் கூட்டையும் மறந்து அலையும்.

1872ஆம் ஆண்டில் ஹோல்ட்ஸ்வர்த் என்பவர் இப்பறவையை அறிவியலுலகிற்கு அறிமுகஞ் செய்தபோது, சாமுவேல் பிளை என்னும் கோப்பித் தோட்டக்காரரின் பெயரையே அதற்குச் சூட்டினார். அப்பறவையின் உறைவிடமாகிய மலைக்காடுகள் முதலிற் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் வெட்டப்பட்டமையை எண்ணும்போது, அப்பெயர் நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. இன்று அது அழிவை எதிர்நோக்கும் இனங்களின் உலகப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

ஓடை வற்றாவிடினும், அதன் கரை மரங்கள் வீழ்ந்தால் நிழலும் ஈரமும் நீங்கும். அவற்றோடு இப்பறவையும் நீங்கிவிடும். 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட ஹோர்ட்டன் சமவெளிப் பகுதியே மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கும் நீரூட்டுவதாகும். ஆதலால் அக்காட்டைக் காப்பது ஒரு குருவிக்காக மட்டுமன்று. சமவெளியில் வாழும் நமக்காகவுமாம்.

மலைநாட்டு ஓடையொன்றின் அருகே நிற்க நேர்ந்தால், சிறிது செவிசாயுங்கள். அச்சீழ்க்கை கேட்குமாயின், அவ்வோடையின் காடு இன்னும் உயிரோடிருக்கின்றது என்று மனங்கொள்ளலாம்.