உணரியைத் தனியே வடிவமைக்க முடியாது



இந்தக் கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலைப் படித்துப் பார்த்தேன். குவாண்டம் திறன், வாசிப்பு இரைச்சல், இருள் மின்னோட்டம் என உணரியின் குணம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அமர்வு இருக்கிறது. வேண்டியதுதான். ஆனால் உணரிக்கு முன்னால் நிற்கும் ஆடியும், அதைக் குளிர்விக்கும் ஏற்பாடும், அதைச் சுமக்கும் கலமும், அந்தக் கலம் சுற்றும் பாதையும் உணரியின் வடிவமைப்பைச் சேர்ந்தவையே என்பது என் உறுதியான கருத்து. இதற்குச் சான்றாக ஒரே ஒரு கருவியின் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி, 1999 ஜூலை 23 அன்று விண்ணில் ஏறியது. அதன் முதன்மைப் படக்கருவியில் 10 சிசிடி சில்லுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 1024-க்கு 1024 பிக்சல்கள். பூமியிலிருந்து வெகு தொலைவு விலகிச் செல்லும் நீள்வட்டப் பாதையில், ஏறத்தாழ 64 மணி நேரத்துக்கு ஒருமுறை அது சுற்றி வருகிறது. பூமியை நெருங்கும் ஒவ்வொரு முறையும் கதிர்வீச்சு வளையத்தைக் கடந்தாக வேண்டும். பக்கவாட்டில் வரும் வலிய துகள்களைத் தடுக்கக் கவசம் இருந்தது. ஆபத்து வந்ததோ முன்வாசல் வழியாக.

எக்ஸ் கதிர் நேராக விழுந்தால் ஆடியில் எதிரொளிக்காது; பரப்பை உரசிச் செல்லும் சாய்வில் விழ வேண்டும். அதற்கென மெருகேற்றப்பட்ட அதே ஆடிகள், ஆற்றல் குறைந்த புரோட்டான்களையும் சிதறடித்துச் சில்லுகளின் மீது கொண்டு சேர்த்தன. ஏவிய சில வாரங்களுக்குள், முன்புறமாக ஒளி வாங்கும் 8 சில்லுகளும் பழுதுபட்டன. பின்புறமாக வாங்கும் 2 சில்லுகள் தப்பின. முன்புறச் சில்லில் மின்னூட்டம் நகரும் தடம் கதிர் விழும் பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. புரோட்டான்கள் சரியாக அந்த ஆழத்தில் வந்து நின்று, சிலிக்கான் அணுக்களை இடம்பெயர்த்தன. பின்புறச் சில்லில் அந்தத் தடம் மறுகோடியில் இருந்ததால் அவை அங்கே எட்டவில்லை.

இந்தச் சேதத்தின் பொருளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரும்பு-55 தரும் 5.9 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஒளியன் ஒன்று சிலிக்கானில் ஏறத்தாழ 1,600 எலக்ட்ரான்களை விடுவிக்கும். அந்த எண்ணிக்கைதான் ஒளியனின் ஆற்றலை நமக்குச் சொல்கிறது. பிக்சலுக்குப் பிக்சல் நகரும்போது பத்தாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே சிக்கிக்கொள்வதாக வைப்போம். ஆயிரம் முறை நகர்ந்து வெளியே வருவதற்குள் 150 எலக்ட்ரான்கள் போய்விடும். சில்லின் ஓரத்துக்கு ஓர் ஆற்றல், நடுவுக்கு வேறோர் ஆற்றல் என்று கருவி தவறாகச் சொல்லத் தொடங்கும்.

சந்திரா குழுவினர் சோர்ந்துவிடவில்லை. வளையத்தைக் கடக்கும்போதெல்லாம் படக்கருவியைக் குவியத்திலிருந்து நகர்த்தி வைத்தார்கள். சில்லுகளை மைனஸ் 120 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள். பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஏறிய ஐரோப்பியத் தொலைநோக்கி எக்ஸ்எம்எம்-நியூட்டன், வளையத்தில் நுழையும்போது வடிகட்டிச் சக்கரத்தை மூடி வைத்துக்கொண்டது.

சந்திராவின் சோதனை அதோடு முடியவில்லை. உணரிக்கு முன்னிருக்கும் குளிர்ந்த வடிகட்டியில் கரிமப் பொருள் மெல்லப் படிந்து, குறைந்த ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களை விழுங்கத் தொடங்கியது. சூடாக்கி அகற்றலாமா என்று ஆராய்ந்தார்கள். சூடாக்கினால் புரோட்டான் சேதம் கூடும் என்பது முதலான இடர்களை எண்ணி விட்டுவிட்டார்கள். ஒரு நோய்க்கு மருந்தான குளிர், இன்னொன்றின் மருந்துக்குத் தடையாயிற்று. குளிரியலாளரும் ஒளியியலாளரும் சில்லு செய்பவரும் வேறு வேறு அறைகளில் உட்கார்ந்து இதற்கு விடை காண முடியாது.

நம் நாட்டின் விண்வெளித் தொலைநோக்கியான ஆஸ்ட்ரோசாட் வேறு வழியில் போனது. 2015-இல் ஏறிய அது, ஏறத்தாழ 650 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு வெறும் 6 டிகிரி சாய்வில் சுற்றியது. துகள் தொல்லை குறைந்த பாதை அது. அங்கே பாதையே ஒரு கவசம். தாழ்ந்த பாதையில் பூமி அடிக்கடி பார்வையை மறைக்கும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. எக்ஸ் கதிர் உணரிக்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான தேர்வு அரிது என்பேன்.

ஆகவே, கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் உணரி எதைப் பிடிக்கும் என்பதோடு, நீங்கள் அழைக்காத எதெல்லாம் அதே வழியில் வந்து சேரும் என்பதையும் இந்த அவையில் சொல்லுங்கள். சோதனையில் பழுதான சில்லுகளின் தரவுகளையும் மறைக்காமல் முன்வையுங்கள். மாணவர்களே, உங்கள் துறை அல்லாத ஓர் அமர்விலாவது கட்டாயம் அமர்ந்து கேளுங்கள். முதல் அமர்வைத் தொடங்க அனுமதிக்கிறேன்.