குறுக்குத்துறையும் காப்பீட்டுப் பத்திரமும்



நம் குறுக்குத்துறை முருகன் பொருநை ஆற்றின் நடுவே, பாறையில் எழுந்தருளியிருப்பவன். வெள்ளம் திருக்கோயிலை மூழ்கடிப்பதும், வடிந்தபின் வழிபாடு தொடர்வதும் நாம் கண்டுவருவன. 2023 டிசம்பரில் வந்த பெருவெள்ளத்தை எவரும் மறந்திரோம். நீர் ஏறுமென்று தெரிந்தால் உற்சவமூர்த்தியை மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்வது மரபு. முருகனிடத்து நம்பிக்கையின்மையால் இவ்வாறு செய்கின்றனர் என்று எவரேனும் சொன்னதுண்டா?

இதனை வினவக் காரணம் உண்டு. நான் பள்ளியில் பணியேற்ற காலத்தில் ஆயுள் காப்பீட்டு முகவர் ஒருவர் வருவார். வகுப்பிலே திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தை உரத்த குரலில் நடத்திய நான், அவரைக் கண்டதும் 'அச்சானியம்' என்று ஒதுங்குவேன். யாக்கை நிலையாது என மாணாக்கர்க்கு உரைத்தல் எளிது. 'எனக்குப் பின்' என்னும் இரு சொற்களை மனையாளிடம் சொல்ல நா எழவில்லை.

உடன் பணியாற்றிய கணக்காசிரியர் துணிவுடையவர். மணத்திற்கு முன்பே பத்திரம் எடுத்து, நியமனதாரராகத் தாயார் பெயரை எழுதினார். பின்னர் மணம் நிகழ்ந்தது, தாயார் காலமானார், பத்திரமோ பழைய பெயரோடு பெட்டியில் கிடந்தது. 1981இல் மாரடைப்பால் அவரும் மறைந்தார். தொகை இருந்தது, அதற்கு உரியவள் தானே என்று மெய்ப்பிக்க, அவர் மனைவி கைக்குழந்தையுடன் வாரிசுச் சான்றிதழுக்குப் பன்முறை அலைந்தார். துணைக்குச் சென்றவன் நான். ஒருநாள் அலுவலகப் படியில் அமர்ந்து, "அண்ணாச்சி, அவாள் என்னை நினைக்கவே இல்லையா?" என்றார். நினைத்திருப்பார், எழுதவில்லை. பத்திரம் முதிருமுன் அப்பெயரை எப்போது வேண்டுமாயினும் மாற்றியிருக்கலாம் என்பது எங்களுக்குப் பின்னரே தெரிந்தது.

மனைவி மக்கள் பயனுக்கென்றே, 1874ஆம் ஆண்டின் மணமான பெண்டிர் சொத்துச் சட்டத்தின்படி எடுக்கும் பத்திரமும் உண்டு. கணவனுக்குக் கடன் கொடுத்தவர்கள் அத்தொகையைப் பொதுவாகத் தீண்ட இயலாது. வணிகம் செய்யும் அன்பர்கள் இதனை முகவரிடம் கேட்டறிதல் நலம்.

1956 செப்டம்பர் முதல் நாள் தோன்றிய ஆயுள் காப்பீட்டுக் கழகம், கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் கண்ணன் கூறிய வாக்கைத் தன் குறிக்கோளாகப் பொறித்துக்கொண்டது. கடவுள் வாக்கை அலுவலகம் எடுத்துக்கொண்டதே என்று முறுவலிப்பாரும் உளர், நானும் முறுவலித்ததுண்டு. ஆயினும் முத்திரையில் சுடரைக் காத்து நிற்பவை இரு மனிதக் கைகளே.

அவ்வாண்டே நான் பத்திரம் எடுத்தேன். மனைவி மூன்று நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள், "பெட்டிச் சாவி எங்கேயிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்" என்றாள். சொன்னேன். பத்திரம் முதிர்ந்து, வந்த பணமும் எப்போதோ செலவாயிற்று. சாவி மட்டும் இன்றும் அதே ஆணியில் தொங்குகிறது.