முத்திரைக்கு விலை யார் கொடுப்பது?



மருதமுனைத் தறியில் நெய்த துணியைத் தொட்டுப் பார்த்து வாங்குகிறோம். கணினி மென்பொருளை அவ்வாறு தொட்டறிய இயலாது. ஆதலின், 'இ-கலப்பை' போன்றதொரு கட்டற்ற தமிழ் மென்பொருளைக் கல்முனை மாணவன் ஒருவன் பதிவிறக்குகையில், அதில் எண்ணிமக் கையொப்பம் இல்லையெனின், வெளியிட்டவர் யாரெனத் தெரியவில்லை என்று விண்டோஸ் எச்சரிக்கும்.

கையொப்பச் சான்றிதழோ விலைக்கே பெரும்பாலும் கிடைக்கிறது. ஆப்பிள் கணினிக்கெனில் ஆண்டுக்கு 99 டொலர். 2023 ஜூன் முதல் கையொப்பத்தின் இரகசியத் திறவுகோலைத் தனிக் கருவியொன்றில் காத்தலும் விதியாயிற்று. ஊதியமின்றி உழைப்போர் இச்சுமையையும் தாங்குவதா?

முத்திரை, ஆக்கியவர் யாரென்று கூறுமேயன்றி, ஆக்கியது நன்றென்று கூறாது. ஆயினும், எச்சரிக்கையைப் புறக்கணித்துப் பழகியவன் கள்ளப் பிரதியையும் ஐயமின்றி ஏற்பான். ஆகவே முத்திரை வேண்டும். அதன் செலவைப் பயன்பெறும் பாடசாலைகளும் நிறுவனங்களும் பகிர்ந்து ஏற்பதே நீதி.