பத்து வயதில் ஒரு தேர்வு: பெற்றோர் நாட வேண்டுமா?

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

பவணந்தி முனிவர் அருளிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் விளக்கப் புகுமுன் கல்வியைப் பற்றிப் பேசுகிறது. அதன் பொதுப்பாயிரம் மாணாக்கரை மூவகையாகப் பகுக்கிறது. தலைமாணாக்கருக்கு அன்னமும் பசுவும், இடைமாணாக்கருக்கு மண்ணும் கிளியும், கடைமாணாக்கருக்கு ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் உவமைகள். மாணவரைத் தரம் பிரித்தல் தமிழர்க்குப் புதிதன்று என்பதற்கு இப்பகுதியை எடுத்துக்காட்டுவோர் உண்டு. ஆயினும் இவ்வுவமைகள் சுட்டுவன கற்கும் முறைகளையே. பாலை மட்டும் பிரித்துக் கொள்ளும் அன்னத்தைப் போல நல்லதைத் தெரிந்து கொள்ளுதல், மேய்ந்ததை ஓரிடத்தில் இருந்து அசைபோடும் பசுவைப் போலக் கேட்டதைச் சிந்தித்தல் ஆகிய இரண்டும் பழக்கத்தால் வளர்பவை. ஆசிரியர் பல நாள் உடனிருந்து காண வேண்டியவை. ஒரு முற்பகலில் எழுதும் தேர்வு அவற்றைக் காட்டிவிடாது.

இன்று பெற்றோர் பலரை வாட்டும் வினாவிற்கு இந்த வேறுபாடே அடிப்படை. மீத்திறன் மிக்க சிறுவர்க்கெனத் தேர்வு வைத்துச் சேர்க்கும் பள்ளிகளில் தம் பிள்ளைக்கு இடம்பெற அவர்கள் முயல வேண்டுமா, வேண்டாவா? வசதி மிக்க நகரில் இது பெரும்பாலும் பெருமையைப் பற்றிய கேள்வி. அருகில் நல்ல பள்ளிகள் பல இருக்க, அவற்றுள் பெயர் பெற்றதைத் தேடும் முயற்சி அது. இந்த வினா வாழ்க்கையோடு ஒட்டி எழும் இடத்தைக் காண, ஜவ்வாது மலைக்குச் செல்ல வேண்டும்.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இம்மலையில் மலையாளி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். சாமை விளைவித்தும் தேனும் புளியும் திரட்டியும் வாழும் குடும்பங்கள் சிற்றூர்களில் சிதறி உள்ளன. அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் வனத்துறைப் பள்ளிகளும் அவர்களுக்குக் கல்வி தருகின்றன. இம்மலையின் அத்திப்பட்டில் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றும் உள்ளது. 1997-98-இல் நடுவண் அரசு தொடங்கிய திட்டத்தைச் சேர்ந்தது அது. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை உள்ள இத்தகைய பள்ளி ஒன்றில் 480 பேர் பயிலலாம். அவர்களுள் பாதிப்பேர் பெண் குழந்தைகள். 6-ஆம் வகுப்பில் 60 இடங்கள். அவ்விடங்களுக்குத் தேர்வு உண்டு.

ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை ஒருங்கே நடத்தும் சிற்றூர்ப் பள்ளியில் பயிலும் குழந்தையை எண்ணிப் பாருங்கள். ஏகலைவா பள்ளியில் உணவும் உறைவிடமும் நூல்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பாடந்தோறும் தனி ஆசிரியர் உண்டு. அங்கே தம் மகளுக்கு இடம் வேண்டி விண்ணப்பம் எழுதும் தாயைப் பேராசைக்காரி என்று எவரும் சொல்லலாகாது. அவர் நாடுவது பட்டமன்று, ஆசிரியர். ஆகவே முதல் விடை தெளிவானது: முயலலாம், அருகில் உள்ள பள்ளி தரவியலாததை அப்பள்ளி தருமாயின் முயலத்தான் வேண்டும்.

ஆனால் விடை அங்கே முடியவில்லை. அப்பள்ளி தாங்கும் பெயரே ஒரு நினைவூட்டல். பாரதக் கதையின் ஏகலைவன் ஆசிரியரால் சேர்த்துக்கொள்ளப்படாத வேடர்குலச் சிறுவன். மறுக்கப்பட்டவன் மண்ணால் ஆசிரியர் உருவம் செய்து, அதன் முன் வில் பயின்று, அரண்மனைச் சிறுவரை விஞ்சினான். வாயிலில் நிறுத்தப்பட்டவனிடமும் திறன் இருந்தது என்பதே அக்கதை உணர்த்தும் உண்மை.

60 இடங்கள் உள்ள வகுப்பிற்கு 61-ஆம் இடத்தில் வரும் குழந்தை வெளியே நிற்கிறது. 60-ஆம் குழந்தைக்கும் அதற்கும் இடையே ஒரு மதிப்பெண்ணே வேறுபாடாக இருக்கலாம். கட்டடம் பெரிதாகி 80 இடங்கள் இருந்திருப்பின் அக்குழந்தையும் உள்ளே சென்றிருக்கும். கோடு கிழித்தது இருக்கைகளின் எண்ணிக்கை. குழந்தையின் அறிவு அன்று. மேலும், ஒரே வகுப்பில் பயிலும் இரு குழந்தைகளிடையே ஏறக்குறைய ஓராண்டு வயது வேறுபாடு இருக்கக்கூடும். பத்து வயதில் ஓராண்டு என்பது அதுவரை வாழ்ந்த வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. மூத்த குழந்தையின் முதிர்ச்சியைத் தேர்வுத்தாள் அறிவுக்கூர்மை என்று கொள்வதும் உண்டு.

உலக வரலாறும் இதனை மெய்ப்பிக்கிறது. பிரான்சு நாட்டின் ஆல்ஃபிரட் பினே 1905-இல் நுண்ணறிவுத் தேர்வை வகுத்தபோது அவர் நோக்கம், கூடுதல் உதவி வேண்டும் குழந்தையைக் கண்டறிவதே. பின்னர் அமெரிக்காவில் அதே கருவி உயர்ந்தோரைத் தெரிவு செய்யப் பயன்பட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1921-இல் தொடங்கி, கலிஃபோர்னியாவில் 1,500-க்கும் மேற்பட்ட மீத்திறன் சிறுவர்களைத் தேர்ந்தெடுத்துப் பல்லாண்டு அவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அவர்களுள் பலர் நல்ல நிலை எய்தினர். ஆயினும் நோபல் பரிசு எவர்க்கும் கிட்டவில்லை. அத்தேர்வில் விடுபட்ட சிறுவர் இருவர், வில்லியம் ஷாக்லி 1956-இலும் லூயிஸ் அல்வாரெஸ் 1968-இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

ஆகவே முயலும் பெற்றோர் மூன்றனை மனத்திற் கொள்ளுதல் நலம்.

முதலாவது, தேர்வுக்காகக் குழந்தைமையை விற்றுவிடலாகாது. தாய்மொழியில் பிழையின்றிப் படித்தல், கணக்கைப் பொருள் உணர்ந்து செய்தல், கண்டதைக் கேள்வியாகக் கேட்டல் ஆகிய மூன்றும் தேர்வுக்கும் உதவும். தேர்வு இல்லாவிடினும் உதவும். வினாத்தாள்களை மனப்பாடம் செய்யும் பயிற்சி தேர்வு நாளோடு முடிந்துவிடும்.

இரண்டாவது, இடம் கிடைத்தபின் குழந்தையையும் கேட்க வேண்டும். பத்து வயதில் வீட்டைப் பிரிந்து விடுதியில் தங்குதல் சிறிய செயலன்று. சில குழந்தைகள் ஒரு திங்களில் பழகிவிடும்; சில குழந்தைகள் இரவில் அழுது பகலில் கற்க இயலாமல் வாடும். ஊரில் முதல்வனாக இருந்தவன் அறுபது முதல்வர்களுக்கு நடுவே இடைநிலையில் நிற்க நேரும்போது, "நீயே மிகச் சிறந்தவன்" என்று சொல்லி அனுப்பிய சொல்லே அவனைச் சுடும். நன்றாகக் கற்று வா என்று சொல்லி அனுப்பினால் போதும்.

மூன்றாவது, முடிவை எந்தக் குழந்தைக்கும் பெயராகச் சூட்டலாகாது. ஒரே வீட்டில் அக்காள் இடம்பெற்றுத் தம்பி பெறாத நிலையும் வரும். அவ்வீட்டில் அடுத்துச் சொல்லப்படும் சொற்களை அத்தம்பி வாழ்நாள் முழுதும் மறக்கமாட்டான். வாயில்கள் பின்னரும் உள. 8-ஆம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தேர்வு நடைபெறுகிறது. அதில் வெல்லும் அரசுப் பள்ளி மாணவர்க்கு 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை திங்கள் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 9-ஆம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு உண்டு. மாவட்டந்தோறும் 50 மாணவியரும் 50 மாணவரும் தெரிவு செய்யப்படுகின்றனர். இவ்விரண்டிற்கும் வீட்டையோ பள்ளியையோ விட்டுப் போக வேண்டியதில்லை.

இறுதியாக ஒன்று. ஊக்கமுள்ள பெற்றோரின் பிள்ளைகள் தேர்வெழுதி வெளியேறியபின், ஊர்ப்பள்ளிக்காகக் கேட்கும் குரலும் அவர்களோடு வெளியேறிவிடுவது உண்டு. இரண்டாம் ஆசிரியர் வேண்டும் என்று கேட்பவர் எவர்? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினருள் பாதிப்பேர் பெண்டிராகவும் இருக்க வேண்டும் என்கிறது. விண்ணப்பம் எழுதும் அதே கை அக்குழுவின் தீர்மானத்திலும் கையெழுத்திட வேண்டும். அப்போதுதான் 61-ஆம் குழந்தைக்கும் ஆசிரியர் கிடைப்பார். பின்னே பயிலும் தம்பி தங்கையரும் அதே பள்ளியில்தான் உள்ளனர்.

அதே ஜவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. அங்கே விண்மீன் நோக்குவோர் ஓரிரவு முகில் மறைத்தது என்பதற்காக அவ்விடத்தில் விண்மீன் இல்லை என்று எழுதி வைப்பதில்லை, மறுநாளும் நோக்குகின்றனர். மாணாக்கனின் கொள்ளும் திறமறிந்து கற்பிக்கச் சொன்ன நன்னூலாரின் நெறியும் அத்தகையதே. தேர்வை நாடுங்கள், குழந்தையை அளக்கும் பொறுப்பை மட்டும் அத்தேர்வினிடம் ஒப்படைத்துவிடாதீர்கள்.