புயல் சாகலாம், மழை சாகாது



வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று ரேடியோவில் சொன்னால் போதும், நமது லயங்களில் ஒரு பட்டிமன்றமே தொடங்கிவிடும். "இங்க கால வச்சதும் அது செத்துப் போயிடும், இவ்வளவு பெரிய மலை இருக்குதே" என்பார்கள் ஒரு பக்கத்தார். "அதெல்லாம் சாகாது, தாண்டிப் போய் இந்தியாவையும் அடிக்கும்" என்பார்கள் மறுபக்கத்தார். இந்த வழக்கை இன்று நாம் எல்லோருமாகச் சேர்ந்து கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம்.

புயலுக்குச் சாப்பாடு போடுவது சூடான கடல். கடல் நீர் ஏறக்குறைய 26, 27 பாகைக்கு மேல் சூடாக இருந்தால் நீராவி நிறையக் கிளம்பும். அது மேலே போய் மேகமாகும்போது அதற்குள் இருந்த சூடு வெளியே வரும். அந்தச் சூடுதான் புயலைச் சுழற்றுகிறது. தரைக்கு வந்ததும் அடுப்பிலிருந்து விறகை இழுத்த மாதிரி ஆகிவிடும். மரமும் மேடும் காற்றைத் தடுக்கும். 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை போன்ற மலைகள் குறுக்கே நின்றால் சுழற்சியே குலைந்துபோகும்.

ஆகவே முதற் பக்கத்தார் சொல்வதில் நியாயம் உண்டு. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. வடபகுதியைக் கடந்து மன்னார் வளைகுடாவில் இறங்கி, பாம்பனுக்குக் கிட்ட நகராமல் நின்று சோர்ந்தது. தமிழ்நாட்டில் புயலாகக் கால் வைக்காமலே அடங்கிவிட்டது.

மறுபக்கத்தாரிடமும் சாட்சி இருக்கிறது. 1964 டிசம்பர் 22ஆம் திகதி வவுனியாப் பக்கமாகத் தீவைக் கடந்த புயல், அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியும் தீவைத் தாண்டி, மறுநாள் இராமநாதபுரக் கரையை அடித்தது.

ஏன் இந்த வித்தியாசம்? வரும்போதே பலமாக இருந்தால் தாங்கும். வேகமாகக் கடந்தால் பட்டினி கிடக்கும் நேரம் குறைவு. வடக்கே தட்டையான நிலத்தால் போனால் தடை குறைவு. இன்னொன்று, நமது நாடு சின்னத் தீவு. புயலின் நடுப்பகுதி தரையில் இருக்கும்போதே அதன் ஓரங்கள் கடலில் கிடந்து நீராவியை இழுத்துக்கொண்டிருக்கும். ஆகவே சாகுமா, பிழைக்குமா என்பதற்கு எல்லாப் புயலுக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது.

ஆனால் லயத்தில் குடியிருக்கும் நமக்கு அதைவிடப் பெரிய கேள்வி வேறு. புயல் செத்தால் அது சுமந்து வந்த தண்ணீர் எங்கே போகும்?

மலை புயலை எப்படி உடைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும். ஏறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டும். அதாவது, எந்த மலை புயலைக் கொல்கிறதோ அந்த மலையின் தலையிலேயே தண்ணீரும் இறங்குகிறது. புயல் பலம் குறைந்து மெதுவாக நகர்ந்தால் மழை ஒரே இடத்தில் கூடுதல் நேரம் பெய்யும்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா இதைத்தான் காட்டியது. காற்றின் வேகத்தைப் பார்த்தால் அது பெரிய புயல் அல்ல. ஆனால் கிழக்குப் பக்கமாக மெதுவாக வடக்கே நகர்ந்தது. பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் அறுநூறு பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்காவில் மலை சரிந்தபோது, அந்த மழையைக் கொண்டுவந்த தாழமுக்கம் புயலாகவே மாறியிருக்கவில்லை. அதற்கு ரோணு என்று பெயர் விழுந்தது பிறகுதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன காலையில் புயலே இல்லை, மழை மட்டுந்தான்.

ஆகவே "புயல் பலவீனமாயிடுச்சாம்" என்று கேட்டதும் பாயை விரித்துப் படுத்துவிடாதீர்கள். காற்றின் கணக்கை விட்டு மழையின் கணக்கைக் கேளுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவு இது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 ஆனால் புறப்படத் தயாராக வேண்டும். 150 ஆனால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேறிவிட வேண்டும். தோட்டங்களில் மழை அளக்கும் வழக்கம் பழையது. மழைக்காலத்தில் அந்தக் கணக்கைப் பிரட்டுக்களத்தில் தினமும் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்போம். கேட்பது நமது உரிமை.

மழைமானி இல்லாத இடத்தில் கண்ணே மழைமானி. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திறக்க மறுக்கும் கதவு, திடீரென்று கலங்கி வரும் அல்லது நின்றுபோகும் ஊற்று, இவற்றில் எதைக் கண்டாலும் 117க்கு அறிவியுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள்.

"எங்க போறது?" என்று நீங்கள் கேட்பது நமக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று முன்னமே சொல்லப்பட்டிருந்தது. சொன்னது மட்டும் போதவில்லை, போய் இருக்க இடமும் வேண்டியிருந்தது. அதனால் வானம் வெளித்திருக்கும்போதே பாடசாலையா, கோயில் மண்டபமா, பக்டரியா, எது பாதுகாப்பான இடம் என்று விசாரித்து முடிவு செய்வோம். நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவது, பிள்ளைக் காம்பராவிலுள்ள குழந்தைகளை யார் எடுப்பது, காலி வீடுகளை யார் பார்ப்பது என்று லயத்துக்கு லயம் பேசி வைப்போம். அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரு பொலித்தீன் பையில் கட்டி வைப்போம்.

புயல் சாகுமா, பிழைக்குமா என்ற பட்டிமன்றத்தைத் தாராளமாக நடத்துங்கள். ஆனால் மழை கூடின இரவில் அதை லயத்தில் இருந்து நடத்த வேண்டாம், பாதுகாப்பான இடத்துக்குப் போய் நடத்துவோம்.