அலைடுதானே என்று விட்டுவிடாதீர்கள்

(கல்லூரியில் சேரும் மாணவ, மாணவியருக்கு நமது அறக்கட்டளை கல்வி உதவி வழங்கிய நிகழ்ச்சியில், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நமதூர்ப் பெண்பிள்ளைகள் பலர் பி.ஏ. ஆங்கில இலக்கியம் எடுக்கிறீர்கள். பல கல்லூரிகளில் அதோடு 'இங்கிலாந்தின் சமூக வரலாறு' என்ற துணைப்பாடத்தையும் படித்தே ஆக வேண்டும். பி.ஏ. தமிழ் எடுத்தால் தமிழக வரலாறும் பண்பாடும் வரும். "அலைடுதானே சார்" என்பீர்கள். அந்த ஒரு பேப்பர் அரியர் நின்றாலும் பட்டம் கைக்கு வராது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிள்ளை தன் வாப்பாவோடு என் வீட்டுக்கு வந்தாள். ஆங்கிலப் பேப்பர் எல்லாம் பாஸ். இது மட்டும் இரண்டு முறை போய்விட்டது. பி.எட். சேர இருந்தவள், சேர முடியவில்லை. "புள்ள ராவும் பகலும் படிச்சா சார்" என்றார் வாப்பா. பொய்யில்லை. கைடை அப்படியே மனப்பாடம் செய்திருந்தாள். கேள்வித்தாளில் தொழிற்புரட்சியின் விளைவுகளைக் கேட்டிருந்தார்கள். இவள் காரணங்களை நான்கு பக்கம் எழுதியிருக்கிறாள். நிலக்கரி, நீராவி இயந்திரம் எல்லாம் சரிதான், ஆனால் கேட்டது அதுவல்லவே! ஆலை நகரங்கள் பெருத்தது, சிறு பிள்ளைகள் ஆலையில் உழைத்தது, 1833-இல் ஒன்பது வயதுக்குட்பட்டவர்களை நெசவாலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது, இவற்றை எழுதியிருக்க வேண்டும்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு கோடு போடச் சொன்னேன். கோட்டுக்கு மேலே ஆண்டுகள்: 1476 காக்ஸ்டனின் அச்சகம், 1642 உள்நாட்டுப் போர், 1660 மன்னராட்சி திரும்பியது, 1832 வாக்குரிமைச் சீர்திருத்தம். கோட்டுக்குக் கீழே அவள் இலக்கியப் பேப்பரில் படித்த எழுத்தாளர்கள். மில்டன் கிராம்வெல்லின் அரசில் வேலை பார்த்தவர். டிக்கன்ஸ் 12 வயதில் ஷூ பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் கூலிக்குப் போனவர். "சார், இது ரெண்டும் ஒரே பாடம்தானா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு நான் பெரிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வரலாற்றில் நாமும் இருக்கிறோம். மலாய்க்காரர்கள் கைலியை 'காயின் பெலிகாட்' என்பார்கள். மலேசியா போய்வந்த சபராளிகளுக்குத் தெரியும். பெலிகாட் என்பது நம் பழவேற்காடு. இந்தக் கடற்கரையிலிருந்து அவ்வளவு துணி கப்பலேறியது. இங்கிலாந்திலும் இந்தியப் பருத்தித் துணிக்கு அத்தனை மவுசு. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தெழ, 1700-லும் 1721-லும் அதைத் தடுக்கச் சட்டம் போட்டார்கள். பிறகு அவர்களே இயந்திரத்தில் நூல் நூற்றார்கள். தொழிற்புரட்சிப் பாடத்தை இங்கிருந்து தொடங்கினால் யாருக்காவது மறக்குமா?

எந்தப் பாடம் எடுப்பது என்று கேட்கிறீர்கள். துணைப்பாடம் பெரும்பாலும் துறையே முடிவு செய்வது. விருப்பப் பாடத்தில்தான் உங்களுக்குத் தேர்வு உண்டு. அங்கே தோழி எடுத்தாள் என்று எடுக்காதீர்கள். முதலில் பாடத்திட்டத்தை வாங்கி ஐந்து அலகையும் படித்துப் பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி. எழுதும் எண்ணம் இருந்தால் இந்திய விடுதலைப் போராட்டமோ தமிழக வரலாறோ எடுங்கள்; அந்தத் தேர்வின் பாடத்திட்டத்திலும் இவை இருக்கின்றன.

பல பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீட்டுக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75. அந்த 25-ஐச் சும்மா விடாதீர்கள், அசைன்மென்ட்டை நாள் தவறாமல் கொடுங்கள். பழைய வினாத்தாள்களை எடுத்து, 'காரணம்', 'விளைவு', 'மதிப்பிடுக' என்ற சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள். பத்து மதிப்பெண் கேள்வி ஒன்றை வாரத்துக்கு ஒருமுறை கடிகாரத்தை வைத்து எழுதிப் பாருங்கள். வாயால் சொல்லிப் பார்ப்பது வேறு, கையால் எழுதுவது வேறு.

பெற்றோரிடம் ஒன்று. பரீட்சை வாரத்தில் கல்யாண வீட்டுக்குப் பிள்ளையை அழைக்காதீர்கள். கோபித்துக்கொள்ளும் சொந்தங்களை நான் சமாளிக்கிறேன்.

அந்தப் பிள்ளை அடுத்த முறை பாஸ், அல்ஹம்துலில்லாஹ். பி.எட். மட்டும் ஒரு வருடம் தள்ளிப் போனது. பழைய வினாத்தாள்களைத் தொகுத்து அறக்கட்டளை அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். சனிக்கிழமை அஸருக்குப் பின் நான் அங்கே இருப்பேன், இன்ஷா அல்லாஹ். எழுதிய விடைத்தாளோடு வாருங்கள். வஸ்ஸலாம்.